உதவி கொடுப்பதும் உதவியை விலக்குவதும்: ஆட்டிசம் உள்ள குழந்தைக்குப் புதிய திறன் கற்றுக்கொடுக்க முழு வழிகாட்டி

ஏழு வயதுக் குழந்தை வாஷ்பேசின் முன்னால் நிற்கிறது. "குழாயைத் திற" என்று அம்மா சொன்னால் திறக்கும். "சோப்பு எடு" என்றால் எடுக்கும். "தேய்", "கழுவு", "மூடு", "துடை" எல்லாம் ஒழுங்காக நடக்கும். அம்மா பேசாமல் இருந்தால் மட்டும் வாஷ்பேசினைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிடும். இவனுக்குக் கை கழுவத் தெரியுமா என்று கேட்டால், "தெரியும், ஆனா சொல்லிக்கிட்டே இருக்கணும்" என்பார்கள்.

இப்படி நூற்றுக்கணக்கான வீடுகள் உண்டு. குழந்தையின் திறமைக் குறைவு இதற்குக் காரணம் இல்லை. உதவியைக் கொடுக்கத் தொடங்கிய நாளில், அதைப் பிறகு எப்படி விலக்கிக்கொள்வது என்ற திட்டம் யாரிடமும் இருக்கவில்லை. அதனால் அம்மாவின் குரலும் கை கழுவும் வேலையில் ஒரு பகுதியாக ஒட்டிக்கொண்டது. உதவியைக் கொடுக்கும்போதே அது எந்த வழியாக வெளியேறும் என்பதையும் முடிவு செய்துவிட வேண்டும். இந்த வழிகாட்டி முழுவதும் அதைப் பற்றித்தான்.

பெற்றோருக்காகவும் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் சிறப்பாசிரியர்களுக்காகவும் எழுதுகிறேன். உதாரணம் பெரும்பாலும் கை கழுவுவதுதான். பல் துலக்க, சட்டை போட, ஸ்கூல் பை அடுக்க, வேண்டியதைக் கேட்டு வாங்க என எல்லாவற்றுக்கும் முறை இதேதான்.

அடிப்படை

எந்தச் செயலுக்கும் முன்னால் ஏதோ ஒன்று நடக்கிறது, பின்னால் ஏதோ ஒன்று நடக்கிறது. கையில் சேறு இருக்கிறது, இது முன்னால். குழந்தை கழுவுகிறது, இது செயல். கை சுத்தமாகிறது, சாப்பாடு கிடைக்கிறது, அப்பா தட்டிக்கொடுக்கிறார், இது பின்னால். அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் 1930களில் ஆய்வுக்கூடத்தில் தொடங்கிய வேலையிலிருந்து வளர்ந்த பார்வை இது. 1968இல் கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் பேர், மான்ட்ரோஸ் உல்ஃப், டாட் ரிஸ்லி மூவரும் எழுதிய கட்டுரை, இதை மனிதர்களின் அன்றாடப் பிரச்சினைகளுக்குப் பயன்படுத்தும் துறை எப்படி இருக்க வேண்டும் என்று வரையறுத்தது. இன்று ஏபிஏ (Applied Behavior Analysis, பயன்பாட்டு நடத்தைப் பகுப்பாய்வு) என்று தெரபி சென்டர்களில் சொல்வது அந்தத் துறையைத்தான்.

வீட்டில் நம் கவனம் எல்லாம் "பின்னால்" மேல்தான் இருக்கும். செய்தால் சாக்லேட், செய்யாவிட்டால் திட்டு. "முன்னால்" இருப்பதை மாற்றினால் பாதிப் பிரச்சினை எழவே எழாது. அங்கே நாம் செய்யக்கூடியவை இரண்டு. ஒன்று, செயல் எளிதாக நடக்கும்படி இடத்தையும் நேரத்தையும் ஒழுங்குபடுத்துவது. இன்னொன்று, சரியான செயல் வெளியே வரத் தற்காலிகமாகக் கொடுக்கும் உதவி. இதை ப்ராம்ப்ட் என்பார்கள். அந்த உதவி போன பிறகு சேறும், வாஷ்பேசினும், தட்டில் விழும் சோறும்தான் குழந்தையைக் கை கழுவச் சொல்ல வேண்டும். நாம் போக வேண்டிய இடம் அது.

படி 1: திறனைத் துண்டு துண்டாக எழுதுங்கள்

"சுத்தமாக இருக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்" என்பது இலக்கு ஆகாது. கண்ணால் பார்த்து ஆமாம், இல்லை என்று சொல்லக்கூடிய செயலாக அது இருக்க வேண்டும். நீங்களே இரண்டு முறை கை கழுவிப் பார்த்து, செய்ததை வரிசையாக எழுதுங்கள்:

1. குழாயைத் திறப்பது
2. இரண்டு கையையும் நனைப்பது
3. சோப்பை எடுப்பது
4. உள்ளங்கைகளைத் தேய்ப்பது
5. புறங்கையையும் விரலிடுக்கையும் தேய்ப்பது
6. நுரை போகும்வரை கழுவுவது
7. குழாயை மூடுவது
8. துண்டில் துடைப்பது

உங்கள் வீட்டில் பக்கெட்டும் மக்கும் என்றால் பட்டியல் வேறு மாதிரி இருக்கும். மக்கில் தண்ணீர் மொண்டு ஒரு கையில் ஊற்றி, மறு கைக்கு மாற்றுவது பெரிய வேலை. அதை இரண்டு மூன்று வரியாக உடைக்க வேண்டியிருக்கும். எங்கோ அச்சடித்த பட்டியலை அப்படியே எடுக்காதீர்கள். குழந்தை புழங்கும் இடத்தில் இருப்பதைத்தான் எழுத வேண்டும்.

அப்புறம் இரண்டு மூன்று நாள் எந்த உதவியும் செய்யாமல் பாருங்கள். எந்த வரியைத் தானாகச் செய்கிறது, எங்கே நிற்கிறது என்று குறியுங்கள். ஒரு வரியில் நின்றுவிட்டால் அதை நீங்களே செய்து முடித்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள். பல வீடுகளில் இந்த ஒரு வேலையிலேயே, குழந்தைக்கு மூன்று நான்கு வரி ஏற்கெனவே தெரியும் என்பது வெளியே வரும். தெரிந்ததை மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

படி 2: வாய் திறப்பதற்கு முன் இடத்தைத் தயார் செய்யுங்கள்

குழாய் எட்டுகிறதா? எட்டாவிட்டால் கால் வைக்க ஆடாத ஒரு முக்காலி. திருகும் குழாய் கைக்குக் கடினமாக இருந்தால் நெம்புகோல் மாதிரிக் குழாய்க்கு மாற்றலாம். வழுக்கும் சோப்புக்கட்டிக்குப் பதில் அழுத்தினால் வரும் பாட்டில் வைக்கலாம். எக்ஸாஸ்ட் ஃபேன் சத்தமே குழந்தையைக் குளியலறைக்கு வெளியே நிறுத்தக்கூடும், சோப்பின் வாசனையும் அப்படித்தான். பிடிவாதம் என்று பெயர் வைப்பதற்கு முன் இவற்றை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

அடுத்தது நேரம். கை சுத்தமாக இருக்கும்போது பத்து முறை கழுவச் சொல்லிப் பயிற்சி கொடுப்பதில் குழந்தைக்கு எந்த அர்த்தமும் தெரியாது. மண்ணில் விளையாடி வந்ததும், சாப்பாட்டுக்கு முன்னும், பெயின்ட் பூசிய பிறகும் சொல்லிக்கொடுங்கள். தேவை இருக்கும் நேரத்தில் கற்றுக்கொடுப்பது பற்றி ஏபிஏ துறையைச் சேர்ந்த ஜாக் மைக்கேல் 1982இல் விரிவாக எழுதினார். ஒரு பொருளின் மதிப்பு அப்போதைய நிலையைப் பொறுத்து ஏறும், இறங்கும் என்பது அதன் சாரம். வயிறு நிறையத் தண்ணீர் குடித்த குழந்தைக்குத் "தண்ணி" என்று கேட்கக் கற்றுக்கொடுக்க முடியாது. விளையாடி வியர்த்து வந்தவுடன் அதே பாடம் ஒரு நிமிடத்தில் நடக்கும்.

அடுத்து என்ன என்று தெரியாமல் இருப்பதும் பல குழந்தைகளுக்குப் பெரிய சிரமம். முதலில் கை கழுவும் படம், அடுத்து இட்லிப் படம், இரண்டையும் ஒரு அட்டையில் ஒட்டிக் காட்டினாலே பாதி அழுகை அடங்கிவிடும். விளையாட்டை நிறுத்தும் முன் "இன்னும் இரண்டு தடவை ஊஞ்சல், அப்புறம் கை கழுவல்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். நீலத் துண்டா சிவப்புத் துண்டா என்று தேர்வு கொடுங்கள். சின்னத் தேர்வுதான், ஆனால் அந்த இடத்தில் குழந்தையின் சொல்லுக்கு மதிப்பு இருக்கிறது என்று அது காட்டும். கடினமான வேலைக்கு முன் குழந்தை சந்தோஷமாகச் செய்யும் இரண்டு மூன்று சின்ன விஷயங்களை வேகமாகக் கேட்பதும் நன்றாக உதவும். "ஹைஃபைவ் கொடு, மூக்கு எங்கே, குதி" என்று கேட்டுவிட்டு, அந்த ஓட்டத்திலேயே "கை கழுவு".

சொல்லும் விதத்திலும் கவனம் வேண்டும். குழந்தையின் பக்கத்தில் போய், அதன் கவனம் கிடைத்த பிறகு, ஒரே முறை, சுருக்கமாகச் சொல்லுங்கள். "கை கழுவலாமா செல்லம்?" என்பது கேள்வி. "வேண்டாம்" என்பது அதற்கு நியாயமான பதில். அந்தப் பதிலை மதிக்கத் தயார் என்றால் மட்டும் அப்படிக் கேளுங்கள். கூட்டுக் குடும்பத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. அம்மா ஒன்று சொல்லும்போதே பாட்டி ஒன்று சொல்வார், அண்ணன் ஒன்று சொல்வான். பாடம் நடக்கும் ஐந்து நிமிடம் ஒருவர் மட்டும் பேசுவது என்று வீட்டில் எல்லோரும் முன்கூட்டியே ஒத்துக்கொள்ள வேண்டும்.

படி 3: எந்த உதவி?

உதவியில் பல வகை. கையோடு கை வைத்து முழுதாகச் செய்ய வைப்பது, முழங்கையை லேசாகத் தொட்டு நகர்த்துவது, நாமே செய்து காட்டுவது, விரலால் சுட்டுவது, படம் வைப்பது, வாயால் சொல்வது.

பெரும்பாலோர் முதலில் எடுப்பது வாய்ச்சொல். அதுதான் நமக்குச் சுலபம், ஆனால் பிறகு எடுக்க மிகவும் கஷ்டமானதும் அதுதான். தொடுதலை மெல்ல மெல்லக் குறைக்க முடியும். மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு, அங்கிருந்து தோளுக்கு, பிறகு தொடாமல் பின்னால் நிற்பதற்கு என்று படிகள் இருக்கின்றன. "சோப்பு எடு" என்ற சொல்லை எப்படிக் குறைப்பது? "சோப்..." என்று பாதியில் நிறுத்தலாம், முணுமுணுக்கலாம், அவ்வளவுதான். அதனால் வேலைகளை வரிசையாகச் செய்யும் திறன்களுக்கு ஆரம்பத்தில் ஒரே ஒரு முறை "கை கழுவு" என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு பேசாமல் இருங்கள் என்பதுதான் என் உறுதியான கருத்து. தேவைப்படும் உதவி கையாலும் படத்தாலும் மட்டும். பின்னாலிருந்து கொடுங்கள். முன்னால் நின்றால் குழந்தை சோப்பைப் பார்க்காது, உங்கள் முகத்தைத்தான் பார்க்கும்.

குழந்தையின் செயலுக்கு உதவாமல், பொருளையே மாற்றி உதவுவதும் உண்டு. சட்டையின் முன்பக்கக் கழுத்தில் சின்னச் சிவப்பு நூல் தைப்பது, இரண்டு செருப்பின் உள்விளிம்பிலும் பாதிப் பாதி ஸ்டிக்கர் ஒட்டிச் சேர்த்து வைத்தால் முழுப் படம் வரும்படி செய்வது, நிறுத்தும் இடத்தில் ஒரு கோடு போடுவது எல்லாம் இந்த வகை. பிறகு நூலைச் சிறிதாக்கலாம், ஸ்டிக்கரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டலாம். 1963இல் உளவியலாளர் ஹெர்பர்ட் டெரஸ் புறாக்களை வைத்துச் செய்த ஆய்வு இங்கே முக்கியமானது. சிவப்பு விளக்கைக் கொத்த வேண்டும், பச்சையைக் கொத்தக் கூடாது. பச்சையை ஆரம்பத்திலேயே மிக மங்கலாகவும் குறுகிய நேரமும் காட்டி, மெதுவாகப் பிரகாசமாக்கியபோது, புறாக்கள் ஏறக்குறைய தவறே செய்யாமல் வித்தியாசத்தைக் கற்றன. தவறு செய்து அடிபட்டுத்தான் படிக்க வேண்டும் என்ற நம் ஊர் நம்பிக்கைக்கு இது நல்ல பதில்.

தொட்டு உதவுவது பற்றி ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். குழந்தை கையை இழுத்துக்கொண்டால், உடம்பை விறைத்தால், முகத்தைத் திருப்பினால், அது "வேண்டாம்" என்கிறது. பேசாத குழந்தை சொல்லும் "வேண்டாம்" அப்படித்தான் இருக்கும். உடனே கையை எடுத்துவிடுங்கள். பலத்தைப் பயன்படுத்திச் செய்ய வைப்பது உதவி ஆகாது. ஏபிஏ வரலாற்றில் இந்த விஷயத்தில் கறை உண்டு. வாரத்துக்கு 40 மணி நேரப் பயிற்சி பற்றி 1987இல் உளவியலாளர் ஐவார் லோவாஸ் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில் அதட்டலும் தொடையில் அடியும் முறையின் பகுதியாகவே இருந்தன. அப்படி வளர்க்கப்பட்ட ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் இன்று எழுப்பும் குரலை இந்தத் துறையில் இருப்பவர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டும். இலக்கைத் தேர்ந்தெடுப்பதிலும் அந்தக் கவனம் தேவை. கையை அசைப்பது யாருக்கும் கெடுதல் செய்யவில்லை என்றால் அதை நிறுத்துவது பாடம் ஆகாது. கை கழுவுவதும் "வலிக்குது" என்று தெரிவிப்பதும் குழந்தையின் சொந்த வாழ்க்கைக்கு உதவும். அவைதான் பாடம்.

படி 4: உதவி வெளியேறும் வழி

நான்கு வழிகள் அதிகம் புழக்கத்தில் இருக்கின்றன.

முழு உதவியில் தொடங்கிக் குறைப்பது: புத்தம் புதிய திறனுக்கும், தவறு வந்தால் நிலைகுலையும் குழந்தைக்கும் இது ஏற்றது. கையோடு கை, பிறகு மணிக்கட்டு, பிறகு முழங்கை, பிறகு சுட்டுவது, பிறகு ஒன்றுமில்லை. எப்போது கீழே இறங்குவது என்பதை முன்கூட்டியே எழுதி வையுங்கள். தொடர்ந்து மூன்று முறை சிக்கலில்லாமல் நடந்தால் ஒரு படி இறங்கலாம், தொடர்ந்து இரண்டு முறை தடுமாறினால் ஒரு படி ஏறலாம் என்பது போன்ற விதி போதும். எழுதி வைக்காவிட்டால், பாவம் கஷ்டப்படுகிறதே என்று நாம் பழைய உதவியிலேயே மாதக்கணக்கில் தங்கிவிடுவோம்.

குறைந்த உதவியில் தொடங்கிக் கூட்டுவது: பாதி தெரிந்த திறனுக்கு. ஐந்து வினாடி காத்திருங்கள். நடக்கவில்லை என்றால் சுட்டுங்கள். மறுபடி ஐந்து வினாடி. அப்புறம் செய்து காட்டுங்கள். கடைசியாகத்தான் தொடுதல். அந்த ஐந்து வினாடி கேட்கச் சின்னதாக இருக்கும், வாஷ்பேசின் பக்கத்தில் நின்றால் மிக நீளமாகத் தெரியும். மனதுக்குள் எண்ணுங்கள்.

நிழல் போலத் தொடர்வது: குழந்தையின் கைக்கு மேலே தொடாமல் உங்கள் கையை வைத்து, அது நின்ற கணத்தில் தொட்டு, நகர்ந்த கணத்தில் விடுவது. துண்டில் துடைப்பது, பல் துலக்குவது போன்ற தொடர் அசைவுகளுக்கு அருமையாக இருக்கும்.

காத்திருப்பை நீட்டுவது: உதவியை மாற்றுவதில்லை, அது வரும் நேரத்தை மட்டும் தள்ளிப்போடுகிறோம். பால் டச்செட் 1971இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது இது. கேட்டு வாங்கக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. குழந்தைக்குப் பிடித்த பந்தைக் காட்டி உடனே "பந்து" என்று சொல்லுங்கள், குழந்தை திருப்பிச் சொன்னதும் பந்தைக் கொடுங்கள். காத்திருப்பு பூஜ்யம். சில சுற்றுகள் இப்படிப் போன பிறகு, பந்தைக் காட்டி இரண்டு வினாடி பேசாமல் இருங்கள். அப்புறம் நான்கு. ஏதோ ஒரு சுற்றில் உங்களுக்கு முன்னால் குழந்தை "பந்து" என்று சொல்லிவிடும். பேச்சு வராத குழந்தை படத்தை எடுத்துக் கொடுக்கலாம், சைகை காட்டலாம். முறை மாறாது.

எட்டு வரியையும் ஒரே நாளில் கற்றுக்கொடுக்க வேண்டுமா? தேவையில்லை. கடைசியிலிருந்து தொடங்கிப் பாருங்கள். முதல் ஏழு வரிக்கும் உதவி கொடுத்துவிட்டு, துண்டில் துடைப்பதை மட்டும் குழந்தையிடம் விடுங்கள். அது பழகியதும் குழாயை மூடுவது, பிறகு நுரையைக் கழுவுவது. இப்படிப் பின்னாலிருந்து போனால் ஒவ்வொரு முறையும் வேலையை முடித்தது குழந்தையாகவே இருக்கும், முடித்த உடனே சாப்பாடும் பாராட்டும் வந்துவிடும்.

படி 5: பாராட்டில் வித்தியாசம் காட்டுங்கள்

உதவியோடு செய்தால் "சரி, நல்லா செஞ்ச". உதவி இல்லாமல் செய்தால் பெரிய கொண்டாட்டம், பிடித்த விளையாட்டு, தூக்கிச் சுற்றல், குழந்தைக்கு உண்மையிலேயே எது பிடிக்குமோ அது. இரண்டுக்கும் ஒரே பரிசு என்றால் குழந்தை ஏன் தானாகச் செய்ய மெனக்கெட வேண்டும்? பரிசு செயலுக்குப் பின்னால், உடனே வர வேண்டும். அழ ஆரம்பித்த பிறகு "அழாதே, சாக்லேட் தரேன்" என்பது வேறு எதையோ கற்றுக்கொடுக்கும்.

படி 6: தவறு வந்தால்

"இல்ல, அப்படி இல்ல, எத்தனை தடவை சொல்றது" என்று நீட்டாதீர்கள். பேசாமல் ஒரு வரி பின்னால் போய், இந்த முறை கொஞ்சம் கூடுதலான உதவியோடு சரியாக நடக்கவிட்டு, தொடருங்கள். முடிந்தவுடன் அந்த வரிக்கு இன்னொரு சந்தர்ப்பம் கொடுங்கள்.

நமக்கே தெரியாமல் கொடுக்கும் உதவிகளும் உண்டு. சரியான அட்டையைக் குழந்தைக்குச் சற்று அருகில் வைப்போம். சோப்பை நம் கண் பார்க்கும். குழந்தை தவறான பக்கம் கை நீட்டும்போது மூச்சை இழுப்போம், சரியான பக்கம் திரும்பியதும் சிரிப்போம். குழந்தை இவற்றையெல்லாம் நன்றாகவே படித்துவிடும், நாமோ பாடம் புரிந்துவிட்டது என்று நினைப்போம். மொபைலை அலமாரியில் சாய்த்து வைத்து ஒரு பாடத்தை வீடியோ எடுங்கள். பார்க்கும்போது குழந்தையைப் பார்க்காமல் உங்களையே பாருங்கள்.

படி 7: ஒரு தாள், ஒரு பேனா

இடப்பக்கம் எட்டு வரி, மேலே தேதி. ஒவ்வொரு கட்டத்திலும் தானாகச் செய்தால் "தா", சுட்டினால் "சு", தொட்டால் "தொ", முழு உதவி என்றால் "மு". நாளின் முதல் முயற்சியைக் குறித்தால் போதும், ஏனென்றால் நேற்றுக் கற்றதில் எது தங்கியது என்பதை அதுதான் காட்டும். ஒரு வாரம், பத்து நாள் ஒரு வரியில் "தொ" மாறவே இல்லை என்றால் திட்டத்தில்தான் குறை. அந்த வரி இன்னும் பெரிதா, இரண்டாக உடைக்க வேண்டுமா? பரிசில் ஆர்வம் போய்விட்டதா? வீட்டில் வேறு யாரோ உதவியைக் கூட்டிக்கொடுக்கிறார்களா? இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

படி 8: வேறு இடம், வேறு ஆள்

வீட்டில் அம்மாவிடம் வந்த திறன் பள்ளியில் தானாக வந்துவிடும் என்று நம்பக் கூடாது. 1977இல் ட்ரெவர் ஸ்டோக்ஸும் டொனால்ட் பேரும் எழுதிய கட்டுரை, கற்றுக்கொடுத்துவிட்டு மற்ற இடங்களில் நடக்கும் என்று நம்பிக் காத்திருக்கும் பழக்கத்தைத்தான் முதலில் எடுத்துப் பேசியது. அதையும் திட்டமிட்டே செய்ய வேண்டும். அப்பாவோடு, பாட்டி வீட்டுத் திருகுக் குழாயில், பள்ளியில், ஹோட்டலில், வரிசையாகக் குழாய் இருக்கும் கல்யாண மண்டபத்தில் பழக்குங்கள். புது இடத்தில் ஒன்றிரண்டு படி உதவி கூடினால் கவலை வேண்டாம், அங்கே குறைவதும் வேகமாக நடக்கும். வரிகளைப் படமாகக் காட்டும் பட்டியை மட்டும் எல்லா இடத்துக்கும் கொண்டுபோகலாம். பெரியவர்களான நாமும் பட்டியல் வைத்துத்தான் கடைக்குப் போகிறோம். எல்லா உதவியையும் கட்டாயம் எடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. ஆள் பக்கத்தில் நின்றாக வேண்டிய உதவிதான் முதலில் போக வேண்டும்.

எப்போது வெளியில் உதவி கேட்க வேண்டும்

நன்றாகச் செய்துகொண்டிருந்த திறன் திடீரென்று போய்விட்டால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். காது வலி, பல் வலி, மலச்சிக்கல், தூக்கமின்மை, வலிப்பு என்று உடல் காரணம் ஏதாவது இருக்கலாம். தன்னைத் தானே அடித்துக்கொள்வது, கடிப்பது, சாப்பாட்டையே மறுப்பது போன்றவற்றுக்கு இந்த வழிகாட்டியை மட்டும் நம்பாமல் பயிற்சி பெற்றவரிடம் போங்கள். தமிழ்நாட்டில் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்கள் அரசு மருத்துவமனைகளோடு சேர்ந்து இயங்குகின்றன. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. தனியார் சென்டர் என்றால், சிறப்பாசிரியருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள், பாடம் நடக்கும்போது நீங்கள் உள்ளே உட்கார்ந்து பார்க்க அனுமதி உண்டா என்றும் கேளுங்கள். பெற்றோரை உள்ளே விடாத இடத்தில் குழந்தையைச் சேர்க்காதீர்கள். போகும்போது நீங்கள் குறித்துவைத்த தாள்களையும் அந்த வீடியோவையும் எடுத்துப் போனால், முதல் சந்திப்பிலேயே குழந்தைக்கு என்ன தெரியும், எங்கே நிற்கிறது என்பதிலிருந்து பேச்சைத் தொடங்கலாம்.